வேலியின் இருபுறமும்: மேடை அசைவும் உடனடி நடிப்பும் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியருக்கு

நாடகமும் அரங்கியலும் பாடத்தைப் பொறுப்பேற்று யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றுக்குப் புதிதாகச் செல்லும் ஆசிரியரிடம் பாடத்திட்டம் இருக்கும், கடந்தகால வினாத்தாள்கள் இருக்கும், அரங்க வரலாற்றுக் குறிப்புகளும் இருக்கும். ஆனால் 25 மாணவர்களை எழுப்பி, கதிரைகளையும் வாங்குகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுத்த 40 நிமிடங்களில் அவர்களை என்ன செய்யச் சொல்வது என்பதற்கு அவரிடம் எந்தக் குறிப்பும் இருக்காது. தரம் 9 முதல் உயர்தரம் வரையிலான மாணவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தப் பாடவேளைகளை எப்படித் தொடங்கலாம், எந்த ஒழுங்கில் வளர்த்துச் செல்லலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். உடனடி நடிப்பு என்று நான் குறிப்பிடுவது, எழுத்துப் பிரதி இல்லாமல், வசனங்களை முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல், ஒரு சூழலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கணத்திலேயே நடிப்பதை. களப்பயிற்சிகளில் இம்ப்ரொவைசேஷன் என்றும் சொல்வார்கள்.

நம்முடைய மாணவர்களுக்குப் பேச்சு நன்றாக வரும். பேச்சுப் போட்டி, பாவோதல், பட்டிமன்றம் என்று சிறு வயதிலிருந்தே குரலைப் பழக்கியிருக்கிறோம். அதன் விளைவாக நாடகம் என்றதும் அவர்கள் ஒலிவாங்கியை நோக்கி ஒரே வரிசையில் வந்து நின்று, சபையைப் பார்த்து, ஒருவர் முடித்தபின் மற்றவர் எனப் பேசத் தொடங்குகிறார்கள். தமிழ்த் தினப் போட்டிக்கான ஒத்திகைகளில் இந்த வரிசையை நான் எண்ணற்ற தடவை கண்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் அழுகிறாரா, விழுகிறாரா என்பது கூட அந்த வரிசையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஆகவே கீழே சொல்லும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: மாணவர் தம் உடலாலும் கண்ணாலும் மற்றவரைக் கவனிக்கப் பழக வேண்டும், பேச்சு அந்தக் கவனத்திலிருந்து பிறக்க வேண்டும்.

தரையைப் பாருங்கள்

வகுப்புக்கு முன் அந்த இடத்தை நீங்கள் வெறுங்காலுடன் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மண்டபத் தரையில் உடைந்த சீமெந்து, மேடைப் பலகையில் தலைதூக்கிய ஆணி, கடந்த விழாவில் கொட்டிய மெழுகு ஆகிய எல்லாம் காலுக்குத்தான் முதலில் தெரியும். மாணவர்கள் சப்பாத்தையும் காலுறையையும் கழற்ற வேண்டும். காலுறை மட்டும் அணிந்து ஓடுவது சப்பாத்தோடு ஓடுவதைவிட ஆபத்தானது, வழுக்கி விழுவார்கள். மாணவிகளின் வெள்ளைச் சீருடை, தரையில் இருந்து எழும் பயிற்சிகளுக்கு ஏற்றதல்ல. அசைவுப் பாடம் உள்ள நாளில் விளையாட்டு உடை அணிய அதிபரிடம் முதல் வாரத்திலேயே அனுமதி பெற்றுவிடுங்கள். இதைச் செய்யாததால், உடை கசங்கும் என்ற கவலையிலேயே ஒரு தவணை முழுவதும் ஓரமாக நின்ற மாணவிகள் இருக்கிறார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் கூரைத் தகட்டின் கீழ் நண்பகலுக்குப் பின் மண்டபம் கொதிக்கும். அக்காலத்தில் காலைப் பாடவேளையை வேண்டிப் பெறுங்கள், அல்லது வேம்பின் நிழலுக்குச் சென்றுவிடுங்கள்.

நிறுத்துவதற்கு ஒரு குறி வேண்டும். மத்தளமோ, பறையோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பால்மாப் பேணியும் தடியும் போதும். ஒரு தட்டு என்றால் எல்லோரும் இருந்த நிலையிலேயே உறைந்து நிற்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். இந்த உறைநிலை பழகாத வகுப்பில் எந்தப் பயிற்சியும் கூச்சலாகவே முடியும், பாதுகாப்பும் இராது.

நடப்பதும் நிற்பதும்

முதல் இரண்டு வாரங்களுக்கு யாரும் நடிக்க வேண்டாம். நடக்கட்டும். மண்டபம் முழுவதும் பரவி, எந்தத் திசையிலும், எவரையும் முட்டாமல், வெறுமனே நடக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் அவர்கள் வட்டமாகச் சுற்றத் தொடங்கியிருப்பதைக் காண்பீர்கள். கூட்டத்தின் இயல்பு அது. நிறுத்துங்கள், வெறுமையாக இருக்கும் இடத்தைக் காட்டுங்கள், அந்த வெறுமையை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். பிறகு வேகத்தை 1 முதல் 10 வரை எண்களாகச் சொல்லி மாற்றுங்கள். 5 என்பது வழமையான நடை, 1 என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது, 10 என்பது ஓட்டத்துக்கு முந்திய விரைவு. இறுதியாக, நீங்கள் எதுவும் சொல்லாமல் இருக்க, கூட்டத்தில் ஒருவர் நின்றதும் எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவர் நடந்ததும் எல்லோரும் நடக்க வேண்டும். முதல் நாளில் இது 10 செக்கன் பிந்தும். மூன்றாவது வாரத்தில் 25 பேரும் ஒரே மூச்சில் நிற்பார்கள். அந்தக் கணத்தில் மண்டபத்தில் விழும் அமைதியை மாணவர்களும் உணர்வார்கள். அதன் பின்னர்தான் அவர்கள் உங்களை நம்பத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம்.

நிற்பதைக் கற்பிப்பது நடப்பதைவிடக் கடினம். உடலின் பாரத்தை ஒரு காலில் போட்டு இடுப்பைச் சரித்து நிற்பதும், கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்வதும், விரலால் சட்டை விளிம்பைத் திருகுவதும் பதின்ம வயதினரின் பொதுப் பழக்கங்கள். அதைத் திட்டித் திருத்த முடியாது. இரு பாதங்களும் இடுப்பின் அகலத்தில் இருக்க, முழங்காலைப் பூட்டாமல், கைகளைத் தொங்கவிட்டு, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். சிரிப்பு வரும். வரட்டும். சிரிப்பு அடங்கியபின் மீண்டும் ஒரு நிமிடம். ஒருவர் முழங்காலைப் பூட்டி நீண்ட நேரம் நின்றால் மயங்கி விழவும் கூடும். காலைக் கூட்டங்களில் வெயிலில் நின்று விழும் பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டவர்கள்தான்.

மேடையின் பகுதிகள்

சபை ஒருபுறம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடையை 9 பகுதிகளாகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம்: முன், நடு, பின் என மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் வலம், மையம், இடம். வலம், இடம் என்பவை சபையை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும் என்பதைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டு, அவற்றில் ஓட வைத்துப் பழக்குங்கள். ஐரோப்பியப் பழைய மேடைகள் பின்புறம் உயர்ந்து சபையை நோக்கிச் சரிந்திருந்தன. அதனால்தான் பின்மேடையை மேல் என்றும் முன்மேடையை கீழ் என்றும் குறிக்கும் வழக்கம் நூல்களில் காணப்படுகிறது. இதைச் சொல்லிவிட்டால் தேர்வில் குழப்பம் வராது.

இதற்குமேல் விதிகளை அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிலாகச் சுளகு விளையாட்டை விளையாடுங்கள். மேடை என்பது ஒரு விரல் நுனியில் நிற்கும் பெரிய சுளகு என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மேடைக்கு வந்து ஓரிடத்தில் நிற்கிறார், சுளகு சரிகிறது. இரண்டாமவர் அதைச் சமப்படுத்தும் இடத்தைத் தேடிப் போய் நிற்கிறார். முதலாமவர் நகர்ந்தால் இரண்டாமவரும் நகர வேண்டும். மூன்றாமவர், நான்காமவர் என 7 பேர் வரை சேர்க்கலாம். பேச்சு இல்லை. கீழே இருந்து பார்க்கும் மாணவர்கள், யார் யாரை மறைக்கிறார், கண் எங்கே போகிறது, தனியாக நிற்கும் ஒருவருக்கு எதிரே 6 பேர் நெருங்கி நின்றால் ஏன் அவர் பாரமானவராகத் தெரிகிறார் என்பவற்றைத் தாமாகவே சொல்லத் தொடங்குவார்கள். ஒலிவாங்கி வரிசை இந்த விளையாட்டோடு பெரும்பாலும் கலைந்துவிடும்.

அசைவின் தன்மைகள்

1879 முதல் 1958 வரை வாழ்ந்த நடனக் கலைஞர் ருடோல்ஃப் லாபன், மனித அசைவைப் பகுத்துப் பார்க்க ஒரு முறையை வகுத்தார். அசைவு வலுவானதா மென்மையானதா, திடீரென்றதா ஆறுதலானதா, நேராகச் செல்வதா சுற்றிச் செல்வதா என்ற மூன்று கேள்விகளின் சேர்க்கையிலிருந்து 8 அடிப்படைச் செயல்கள் கிடைக்கின்றன. இதைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதினால் மாணவர் மனப்பாடம் செய்வார்கள், உடலுக்கு ஒன்றும் போய்ச் சேராது. வீட்டு வேலைகளிலிருந்து தொடங்குங்கள். இடியப்ப உரலை அழுத்துவது வலுவானது, ஆறுதலானது, நேரானது. உலக்கையால் மா இடிப்பதும் வலுவானது, நேரானது, ஆனால் திடீரென்றது. ஈரச் சாரத்தை முறுக்கிப் பிழிவது வலுவோடு ஆறுதலாகச் சுற்றிச் செல்வது. கத்தியை வீசிப் பற்றை வெட்டுவது வலுவோடு திடீரெனச் சுற்றி வீசுவது. சட்டைக்கு இஸ்திரிக்கை போடும்போது கை மென்மையாக வழுக்கிச் செல்கிறது. நெற்றியில் பொட்டு வைப்பது மென்மையான, நேரான ஒரு தொடுகை. கையில் பட்ட தண்ணீரை உதறுவது அதன் சுற்று வடிவம். எட்டாவது, காற்றில் பஞ்சு போல மிதப்பது. அதற்கு மட்டும் வீட்டு வேலை ஒன்றும் எனக்கு அகப்படவில்லை, இலவம்பஞ்சைத்தான் காட்டுகிறேன்.

வேலையைச் செய்துகாட்டிய பின் பொருளை நீக்கிவிடுங்கள். உரலை அழுத்தும் அதே தன்மையோடு ஒருவர் அறைக்குள் வந்து கதிரையில் இருக்கட்டும். தண்ணீரை உதறும் தன்மையோடு மற்றொருவர் வந்து இருக்கட்டும். ஒரு சொல்லும் இல்லாமல் இரு வேறு மனிதர்கள் வந்துவிட்டதை வகுப்பு காணும். பாத்திர உருவாக்கம் பற்றி நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளைவிட இந்த ஒரு பாடவேளை மாணவர்களுக்கு அதிகம் பயன்பட்டது.

கூத்து தந்திருப்பது

நம்முடைய மரபில் அசைவுக்கான பள்ளிக்கூடம் ஏற்கெனவே இருக்கிறது. வட்டக்களரியில் சபை சுற்றிவர இருப்பதால் ஆடுபவர் எல்லாப் பக்கத்துக்கும் தம்மைக் காட்ட வேண்டியிருக்கிறது. அதே மாணவரைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவரும்போது அந்தச் சுற்றோட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி எழுகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடிய கூத்தை ஓரிரு மணி நேர மேடை நாடகமாகச் செம்மைப்படுத்தியபோது எதிர்கொண்டதும் இதே கேள்விதான். அக்காலத்தில் மேடையேறிய இராவணேசன் அதற்கான முக்கியமான விடைகளுள் ஒன்று. பின்னர் 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, களப்பயிற்சி வழியாக நடிகரைப் பழக்கும் முறையை இங்கே வேரூன்றச் செய்தது. நாம் வகுப்பில் அரங்க விளையாட்டு என்று சொல்லிச் செய்பவை பலவற்றுக்கும் அந்தத் தொடர்ச்சி உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்; அவர்கள் வெளியிலிருந்து எதையோ இரவல் வாங்குவதாக நினைக்கக் கூடாது.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டை மட்டுமே. கூத்தில் பாத்திரத்துக்குப் பாத்திரம் வரவுத் தாளக்கட்டு வேறுபடும். அரசனின் வரவும், அவன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரனின் வரவும் காலிலேயே பிரிந்து தெரியும். மத்தளம் தெரிந்த ஒருவரை வகுப்புக்கு அழைத்து, ஒரே தாளத்துக்கு அல்லாமல் வெவ்வேறு தாளக்கட்டுகளுக்கு மாணவர்களை மேடைக்குள் வரச் செய்யுங்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் அருகிலுள்ள ஊரில் இருந்தால், தயங்காமல் வீட்டுக்குச் சென்று, முறையாகக் கேட்டு அழைத்து வாருங்கள். இரண்டாவது, காத்தவராயன் கூத்தில் காத்தானை வெவ்வேறு பருவங்களில் வெவ்வேறு நடிகர்கள் ஆடும் வழக்கம். ஒரே பாத்திரத்தை 4 மாணவர்களுக்குக் கொடுத்து, முதலாமவரின் ஒரு கையசைவையாவது அடுத்தவர் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று நிபந்தனை இடுங்கள். சுமக்க வேண்டுமானால் கவனித்திருக்க வேண்டும்.

வேலி அடைத்தல்

உடனடி நடிப்புக்கு இனித்தான் வருகிறோம். இது புத்திக்கூர்மையான பதில்களைச் சட்டென்று சொல்லும் கலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தோடு தொடங்கினால் வகுப்பில் வாயாடிகள் இருவர் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் சபையாகிவிடுவார்கள்.

நான் தொடங்கும் பயிற்சி வேலி அடைப்பது. கிடுகு வேலியையோ ஓலை வேலியையோ அடைப்பதற்கு இருவர் வேண்டும்; ஒருவர் உட்புறம், மற்றவர் வெளிப்புறம். ஒருவர் குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்தி மறுபுறம் அனுப்ப, மற்றவர் கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுக்க, இழுத்துக் கட்டுவார்கள். நடுவில் ஓலை இருப்பதால் முகம் தெரியாது. ஊசி எந்த இடத்தில் வரும், மற்றவர் இழுத்து முடித்தாரா என்பதையெல்லாம் ஓலையின் அசைவிலும் கயிற்றின் இறுக்கத்திலும் உணர வேண்டும். இப்போது மதில்கள் பெருகிவிட்டதால் பல மாணவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், அந்தக் கேள்வியே நல்ல வீட்டுவேலை.

வகுப்பில் ஒரு பழைய சேலையை இருவர் உயர்த்திப் பிடிக்க, இருபுறமும் இருவர் நின்று, இல்லாத ஊசியால் இல்லாத வேலியை அடைக்கட்டும். முதல் முறை இருவரும் தத்தம் பாட்டுக்குக் கையை ஆட்டுவார்கள். நிறுத்தி, ஊசி இப்போது எவரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். இருவருக்கும் தெரியாது. மீண்டும் தொடங்குங்கள். ஊசி தம்மிடம் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும், வந்ததை வாங்க வேண்டும், வாங்கியபின் கொடுக்க வேண்டும். சில நிமிடங்களில் சேலையின் இருபுறமும் இரு உடல்கள் மாறி மாறிச் சாய்வதைக் காண்பீர்கள். அப்போது சேலையை எடுத்துவிடுங்கள்; அதே தாளத்தில் இருவரும் பேசட்டும். ஒருவர் சொல்லும் ஒவ்வொரு வசனமும் ஒரு ஊசி. எதிரில் இருப்பவர் அதை வாங்கித் தம் பங்கைச் சேர்த்துத் திருப்ப வேண்டும். "அண்ணை, உங்கட பக்கத்து ஓலை உக்கிப்போச்சு" என்று ஒருவர் சொன்னால், "இல்லை, இது புது ஓலை" என்று மறுப்பவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். "ஓம் தம்பி, போன மாரியிலேயே மாத்தியிருக்க வேணும், காசுதான் வரேல்லை" என்பவர் ஊசியை வாங்கி, வராத காசு, மாரி மழை, கடன் என்று ஒரு கதைக்கான கயிற்றையும் சேர்த்துத் திருப்பித் தந்திருக்கிறார். மறுக்காமல் ஏற்று அதன்மேல் கட்டுதல் என்று உலகெங்கும் உடனடி நடிப்பில் கற்பிக்கப்படும் முதல் நெறி இதுதான்.

சிக்காகோவில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளோடு விளையாட்டுகளை வைத்து வேலை செய்து இம்முறையை வளர்த்தவர் வயோலா ஸ்போலின். நடிப்பவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்ற மூன்றையும் முன்கூட்டி முடிவுசெய்துகொண்டு, எப்படி நடக்கும் என்பதை மட்டும் திறந்து விடுவது அவருடைய வழி. ஆசிரியர் விளையாட்டை நிறுத்தாமல் ஓரமாக நின்று குறிப்புச் சொல்வதும் அவரிடமிருந்து வந்தது. "ஊசி எங்கே?", "அவரின் கையைப் பார்", "ஆறுதலாக" போன்ற இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அந்தக் குறிப்பு நீளக் கூடாது. விளையாட்டு முடிந்தபின் நன்று, மோசம் என்று தீர்ப்புச் சொல்வதைத் தவிருங்கள். என்ன கண்டீர்கள் என்று சபையிலிருந்தவர்களைக் கேளுங்கள். கண்டதைச் சொல்லத் தெரிந்த மாணவர் அடுத்த வாரம் அதைச் செய்யவும் தொடங்குகிறார்.

வா, வாரும், வாங்கோ

பாத்திரங்களுக்கிடையிலான உயர்வு தாழ்வை உடலில் காட்டும் பயிற்சிகளை உடனடி நடிப்பு ஆசிரியரான கீத் ஜோன்ஸ்டன் விரிவாக உருவாக்கினார். தலையை அசைக்காமல் பேசுபவர் அதிகாரம் உள்ளவராகத் தெரிவதும், முகத்தைத் தொட்டுக்கொண்டு பேசுபவர் தாழ்ந்தவராகத் தெரிவதும் அவர் சுட்டியவை. யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு இதைக் கற்பிக்க நம் பேச்சு வழக்கே கையில் ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகளும் இங்கே அன்றாடம் புழங்குகின்றன, "எப்ப வந்தனி?", "எப்ப வந்தனீர்?", "எப்ப வந்தனீங்கள்?" என்ற மூன்றையும் வேறு வேறு உறவுகளிடம் நாம் யோசிக்காமலே சொல்கிறோம்.

பயிற்சி இப்படி. வங்கியில் ஓர் அலுவலர் இருக்கிறார், வாடிக்கையாளர் வருகிறார். "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லித் தொடங்க வேண்டும். ஏதோ ஓரிடத்தில், படிவத்தில் எழுதியிருந்த ஒரு விபரத்தைக் கண்டதும், அலுவலர் "நீர்" என்று மாற வேண்டும். ஏன் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எந்தக் கணத்தில் மாறுகிறார், மாறும்போது வாடிக்கையாளரின் உடல் என்ன செய்கிறது என்பதுதான் காட்சி. என் வகுப்பில் தரம் 11 மாணவி ஒருவர் வாடிக்கையாளராக நடித்தபோது, "நீர்" என்ற சொல் விழுந்ததும் ஒன்றும் பேசாமல், மேசைமேல் பரப்பி வைத்திருந்த கற்பனை ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பு தட்டி அடுக்கி, கைப்பைக்குள் வைத்து மூடினார். கதிரையை விட்டு எழவில்லை. அலுவலராக நடித்த மாணவர் அடுத்த வசனத்தில் தானாகவே "நீங்கள்" என்று திரும்பிவிட்டார். ஒரு குரல் உயரவில்லை. 20 செக்கனுக்குள் அதிகாரம் மேசையின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குப் போய்விட்டது. அதன்பின் அவ்வகுப்பில் எவருக்கும் உயர்வு தாழ்வு என்றால் என்ன என்று நான் விளக்கவில்லை.

இதே பயிற்சியை மாமியும் மருமகளும், முன்பு ஒரே வகுப்பில் படித்து இன்று ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியானவர்கள், சந்தையில் விலை பேசுபவர்கள் எனப் பல சூழல்களில் செய்யலாம். ஒருவரைச் சிறுமைப்படுத்தும் காட்சிகளை, குறிப்பாகச் சாதி, உடல் தோற்றம் சார்ந்த கேலியை, முதல் முறை தலைகாட்டும்போதே நிறுத்துங்கள். மாணவர்கள் அதைச் சிரிப்புக்கான குறுக்குவழியாகக் கொண்டுவருவார்கள். வகுப்பில் அமைதியாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது காயமாகும்.

குறிகாட்டுவானிலிருந்து ஒரு படகு

இருவர் பயிற்சி பழகியபின் குழுவுக்குச் செல்லலாம். 12 பேர் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருக்கிறார்கள், ஏறுகிறார்கள், கடலைக் கடக்கிறார்கள், இறங்குகிறார்கள். மேடையில் எதுவும் இல்லை. வாங்குகள் கூட வேண்டாம். கடல் எல்லா உடலையும் ஒரே அலையில், ஆனால் ஒவ்வொருவரையும் அவரவர் பாரத்துக்கும் இருக்கைக்கும் ஏற்ப அசைக்க வேண்டும். முதல் முறை ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து படகு 12 துண்டாகும்; எல்லோரும் கத்துவார்கள்; எவராவது கடலுக்குள் விழுவார். அப்படி நடக்க விடுங்கள். இரண்டாம் முறை பேச்சுக்குத் தடை விதியுங்கள். மூன்றாம் முறை, எல்லோரையும்விடப் பிந்தி ஓடிவந்து ஏறும் ஒருவரைச் சேர்த்து, அவருக்கு இடம் கொடுப்பதா இல்லையா என்பதை உடலால் மட்டும் தீர்மானிக்கச் சொல்லுங்கள். ஒருவர் மடியில் தம் பையை எடுத்து வைத்து அரை அடி நகர்ந்தால், அதனால் பக்கத்தில் இருப்பவரும் நகர வேண்டி வந்தால், அவர் முகம் சுளித்தால், உங்கள் நாடகம் தொடங்கிவிட்டது. பேச்சை நான்காம் முறையில் திறந்துவிடலாம். அதற்கு முன் வேண்டாம்.

நோகும் இடங்கள்

விழும் காட்சிகளை மாணவர் மிகவும் விரும்புவார்கள். சீமெந்துத் தரையில் விழுவதைப் பழக்காதீர்கள். விளையாட்டுப் பிரிவிலிருந்து மெத்தையைக் கேட்டு வாங்குங்கள். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, மூச்சை வெளிவிட்டு, கீழ்க்காலின் பக்கம், தொடை, இடுப்பு, தோள் என்று சதைப்பற்றுள்ள பகுதிகள் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். முதலில் இருந்த நிலையிலிருந்து, பின் முழங்காலில் நின்று, அதன்பின்தான் நின்ற நிலையிலிருந்து. அடிதடிக் காட்சி வேண்டுமானால் மிகமெதுவான அசைவில், தொடாமல் செய்யட்டும்; அடி வாங்குபவரே அசைவைத் தொடக்கி நடத்த வேண்டும், அடிப்பவர் அவரைப் பின்தொடர வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்பில் தொடுகை வரும் பயிற்சிகளுக்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்பது கட்டாயம். ஒரு கோலின் இரு முனைகளையும் இருவர் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு அசைவது, தொடாமலே பாரத்தைப் பகிரக் கற்றுத்தரும்.

உடலில் படாத காயம் வேறு. நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், தொலைந்த ஒன்றைத் தேடுங்கள் என்று மட்டும் சொல்லி ஒரு பயிற்சியைக் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் சைக்கிள் திறப்பைத் தேடினார்கள், காசைத் தேடினார்கள். ஒரு மாணவர் மண்டபத்தின் ஒவ்வொரு மூலையாகப் போய், ஒரு பெயரைச் சொல்லி அழைக்கத் தொடங்கினார். அது அவருடைய வீட்டிலிருந்து காணாமற்போன ஒருவரின் பெயர் என்பது வகுப்பில் பலருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் உறைந்துபோனோம். மணி அடித்தது, அவரைத் தனியாக அழைத்துப் பேசாமல் வகுப்பைக் கலைய விட்டேன். அந்தத் தவறை இன்றும் என்னால் இலேசாக நினைக்க முடியவில்லை.

அதன்பின் சில ஒழுங்குகளை மாறாமல் கடைப்பிடிக்கிறேன். எந்தப் பயிற்சியிலிருந்தும் காரணம் சொல்லாமல் விலகி ஓரத்தில் இருக்க மாணவருக்கு உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் சொல்கிறேன். இழப்பு, மரணம், இடப்பெயர்வு ஆகியவற்றை நானாகக் கருப்பொருளாகக் கொடுப்பதில்லை. மாணவர்களே கொண்டுவந்தால், அது அவர்களுடைய சொந்தக் கதையாக அன்றி, பெயரும் ஊரும் மாற்றிய ஒரு பாத்திரத்தின் கதையாக வடிவம் பெற உதவுகிறேன். கனமான பயிற்சிக்குப் பின் பாத்திரத்தை இறக்கி வைக்க 5 நிமிடம் ஒதுக்குகிறேன்: கைகால்களை உதறி, தம் உண்மையான பெயரைச் சத்தமாகச் சொல்லி, இன்று வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடப் போகிறார் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பிட்டு, சம்பல், நேற்றைய குழம்பு என்று வட்டம் சுற்றி வரும்போது முகங்கள் தெளிவடைவதைக் காணலாம். இவற்றுக்கு மேலும் ஒருவர் கலங்கியிருந்தால் அவரை அன்றே தனியாகச் சந்தியுங்கள். பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோடும் பேசுங்கள்.

பயிற்சியிலிருந்து நாடகத்துக்கு

ஒரு தவணை இப்படிச் சென்றபின், மாணவர்கள் தம் பயிற்சிகளிலிருந்து 7 முதல் 10 நிமிட நாடகம் ஒன்றை உருவாக்க முடியும். சிறப்பாக அமைந்த ஒரு பயிற்சியை அடுத்த நாள் வரிக்கு வரி திருப்பிச் செய்ய முயன்றால் அது செத்துவிடும். யார் வருகிறார், என்ன வேண்டி வருகிறார், எந்த இடத்தில் நிலைமை மாறுகிறது, எந்த நிலையில் காட்சி முடிகிறது என்ற எலும்பை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதை வைத்து மீண்டும் மீண்டும் உடனடியாக நடிக்கட்டும். நாலைந்து முறைக்குப் பின் எந்த வசனங்கள் தாமாகவே திரும்பி வருகின்றனவோ அவற்றை எழுதுங்கள். வசனம் நிலைபெற்ற பின்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது அதே காட்சியைப் பேச்சில்லாமல் நடிக்க வைத்தால், மாணவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதை மறக்க மாட்டார்கள்.

மேடையேறும் நாளில் குழுவை ஒரு மணி நேரம் முன்னதாக அழைத்துச் செல்லுங்கள். போட்டி நடக்கும் மண்டபம் பெரும்பாலும் வேறொரு பாடசாலையினுடையதாக இருக்கும். மேடையின் அகலம் நீங்கள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பழகியதைவிடக் கூடவோ குறையவோ இருக்கும். ஒலிவாங்கிகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்து, நடுவே நிற்பதை ஓரமாக்க முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் பணிவாகக் கேளுங்கள். பிறகு மாணவர்களைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மேடையில் பரவி, வெறுமையான இடத்தை நோக்கி நடக்க விடுங்கள். எந்தப் பலகை கிரீச்சிடுகிறது, திரைக்குப் பின்னால் படி எங்கே இருட்டுகிறது என்பதை அவர்களின் கால்கள் கண்டுகொள்ளட்டும். எவராவது ஒருவர் நிற்பார், எல்லோரும் நிற்பார்கள். அப்போது நீங்கள் கீழிறங்கிச் சபையின் கடைசி வரிசையில் போய் இருந்துகொள்ளலாம்.